கூமுட்டையும் சில்லி மிஸ்டேக்கும்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சாயங்கால வேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் மெர்ச்சண்டைசர்கள், அதாவது ஆர்டர்களைப் பின்தொடர்ந்து கவனிக்கிறவர்கள். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கும், அவர் சார்பில் இங்கேயே இருக்கும் பையிங் ஆபீசுக்கும் நாள் முழுக்க மெயில் எழுதுவதுதான் அவர்கள் பிழைப்பு. போன மாதம் அவர்களில் ஒரு பெண், காங்கேயம் பக்கத்துக்காரர், வகுப்பு முடிந்ததும் போனை என் முன்னால் நீட்டினார். முகம் வாடியிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். பையிங் ஆபீசில் இருக்கும் ஒரு இளைஞர் அளவுச் சார்ட்டில் தோள்பட்டை அளவைத் தப்பாகப் போட்டுவிட்டார். இந்தப் பெண் அதைக் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார். அவரும் உடனே, “சாரி, என்னுடைய சில்லி மிஸ்டேக்” என்று பதில் எழுதியிருக்கிறார். பாவம், சங்கடப்படுகிறாரே என்று இவர் ஆறுதலாக எழுதினார்: “பரவாயில்லை, ஸ்டுபிட் மிஸ்டேக் எல்லோரும் செய்வதுதான்.” அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது, “நோட்டட்.” அதன்பிறகு இரண்டு நாளாக மெயில் எல்லாம் வெறும் எண்ணும் தேதியுமாகவே வந்துகொண்டிருந்தது.

“ஏனுங் சார், ரெண்டுக்குமே முட்டாள்தனம்னுதானுங்க டிக்‌ஷனரியில போட்டிருக்குது. நான் ஆறுதலாத்தானுங்க எழுதினேன்” என்றார்.

அகராதியைக் குறை சொல்ல முடியாது. சில்லி, ஃபூலிஷ், ஸ்டுபிட், இடியாட்டிக் என்று எதைப் புரட்டினாலும் தமிழில் முட்டாள்தனமான, அறிவற்ற, மடத்தனமான என்றுதான் இருக்கும். பொருள் சரிதான். ஆனால் அந்தச் சொல் எவ்வளவு கனம், எங்கே போய் விழும் என்பதை அகராதி சொல்லாது. அதைத்தான் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நிறையப் புரிந்ததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம். தமிழிலும் முட்டாள் என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டா காலம் தள்ளுகிறோம்? விவரம் பத்தாதவனைக் கொங்கு நாட்டில் மசையன் என்பார்கள். செய்யக்கூடாததைச் செய்துவிட்டு நிற்கிறவன் கூறு கெட்டவன். கள்ளங்கபடம் தெரியாதவர் வெள்ளந்தி. சொன்னது மண்டையில் ஏறாவிட்டால் மரமண்டை. இவற்றில் எதை எடுத்து எதன் இடத்தில் வைத்தாலும் பேச்சு கோணிவிடும். வெள்ளந்தியான பாட்டியை மரமண்டை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

அப்புறம் கூமுட்டை. இந்தச் சொல் எனக்கு எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வழியாக வந்தது. கோழி அடை உட்கார்ந்தால் கூடையில் வைக்கோலைப் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டையை வைத்துவிடுவார். குஞ்சு பொரிக்க 21 நாள். ஒரு வாரம் பத்து நாள் கழித்து, இருட்டிய பிறகு, கோழியை மெதுவாகத் தூக்கிவிட்டு ஒவ்வொரு முட்டையாக எடுத்து டார்ச் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். கரு பிடித்த முட்டைக்குள் சிவப்பாக நரம்பு ஓடும், நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி துடிக்கும். சிலது வெறுமனே மஞ்சளாகத் தெரியும். அதைக் காதோரம் வைத்து லேசாக ஆட்டினால் களுக் களுக்கென்று சத்தம் வரும். “இது கூமுட்டை” என்று தனியாக எடுத்து வைத்துவிடுவார். ஓட்டைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே எல்லாம் கூழாகியிருக்கும். கூழ்முட்டைதான் பேச்சில் கூமுட்டை.

நான் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாலும் அதே சொல்தான். “ஏன்டா கூமுட்ட, வலது எது எடது எதுன்னு தெரியாதா?” என்பார். திட்டுதான், ஆனால் சொல்லும்போது கை என் தலையைத் தடவிக்கொண்டிருக்கும்.

ஆங்கிலத்திலும் இதே முட்டை இருக்கிறது. அடில்டு என்று ஒரு சொல் உண்டு. அதன் மூலமான பழைய ஆங்கிலச் சொல்லுக்குச் சேறு, அழுகிய கழிவு நீர் என்று பொருள். கெட்டுப்போய் உள்ளே கூழாகிவிட்ட முட்டையை அந்தச் சொல்லால் குறித்தார்கள். பிறகு மூளை குழம்பியவனையும் அடில் தலையன் என்றார்கள். கோழி வளர்த்த இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே முட்டையைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இது ரொம்பவும் பிடித்த விஷயம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் அடில்டு என்றால் தூக்கமில்லாமலோ வெயிலிலோ குடியிலோ குழம்பிப்போன மூளை. குழப்பம் தெளிந்தால் ஆள் சரியாகிவிடுவான். நம் கூமுட்டை அப்படி ஒரு வேளைக்கு மட்டும் சொல்வதில்லை.

சரி, மெயிலுக்கு வருவோம்.

சில்லி என்பதை நாம் தினமும் சொல்கிறோம். கணக்குப் பரீட்சையில் கூட்டலில் ஒன்றை விட்டுவிட்டு வரும் பிள்ளை, “சில்லி மிஸ்டேக்குல ரெண்டு மார்க் போச்சுங்க” என்கிறது. அந்தப் பிள்ளை அந்தச் சொல்லை மிகச் சரியாகவே பயன்படுத்துகிறது. எனக்குக் கணக்குத் தெரியும், கவனம் பிசகிவிட்டது, அவ்வளவுதான் என்கிறது. சில்லியில் கனம் இல்லை. சின்னப் பிள்ளைத்தனம், விளையாட்டுத்தனம், அசட்டுத்தனம் என்கிற அளவுதான். தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் அசடு. ‘அசடு வழிகிறது’ என்றால் யாரும் அடிக்க வருவதில்லை இல்லையா? அதே மாதிரி, ஆங்கிலத்தில் அம்மா பிள்ளையைப் பார்த்தும், கணவன் மனைவியைப் பார்த்தும் சில்லி என்று கொஞ்சலாகச் சொல்லலாம்.

இந்தச் சொல் இறங்கிவந்த பாதையைத் தெரிந்துகொண்டால் அதில் ஏன் விஷம் இல்லை என்று புரியும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்குப் பாக்கியசாலி, கடவுளின் அருள் பெற்றவர் என்று பொருள். ஜெர்மன் மொழியில் இதன் உறவான சேலிக் இன்றும் அந்தப் பொருளில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் அருள் பெற்றவர் பாவமறியாதவர் ஆனார். பாவமறியாதவர் பரிதாபத்துக்குரியவர் ஆனார். பிறகு பலவீனர். 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் அசடு. கிரிக்கெட்டில் சில்லி பாயிண்ட் என்று ஓர் இடம் இருக்கிறதே, மட்டையாளரின் மூக்குக்குக் கீழே நிற்கிற இடம், அதுவும் இதே சில்லிதான். அவ்வளவு பக்கத்தில் போய் நிற்பது அசட்டுத் துணிச்சல் என்பதால் அந்தப் பெயர்.

தமிழிலும் இப்படி நடந்திருக்கிறது, வேறு திசையில். வெகுளி என்றால் இன்றைக்குச் சூதுவாது தெரியாதவர். திருக்குறளில் வெகுளி என்றால் கோபம். 31-ஆவது அதிகாரம் வெகுளாமை என்பது கோபம் கொள்ளாமையைப் பற்றியது. கோபத்துக்கான சொல் எப்படி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கலாம். பேதை என்ற சொல்லும் அப்படித்தான். அது அறிவில்லாதவரையும் குறிக்கும், பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவதான, 5 முதல் 7 வயதுச் சிறுமியையும் குறிக்கும். அறியாத வயதும் அறியாமையும் எந்த மொழியிலும் பக்கத்துப் பக்கத்து வீடுதான் போலிருக்கிறது.

சில்லி லேசான சொல் என்பதாலேயே அதில் ஒரு ஆபத்தும் உண்டு. சுருக்கம் பார்க்காமல் துணியைக் கட்டிங் போட்டுவிட்டார்கள், ஆயிரம் பீஸ் வீணாகிவிட்டது என்று வையுங்கள். பையருக்கு “சில்லி மிஸ்டேக் ஆகிவிட்டது” என்று எழுதினால் அவர் கொதித்துப்போவார். அவருக்குப் போனது பெரிய பணம். அதை நீங்கள் கூட்டலில் விட்ட ஒன்று மாதிரிப் பேசுகிறீர்கள். பிறர் தவறைச் சில்லி என்றால் பெருந்தன்மை. நம்முடைய சின்னத் தவறைச் சொன்னால் பணிவு. நம்முடைய பெரிய தவறைச் சொன்னால் மழுப்பல்.

ஃபூலிஷ் வேறு ரகம். இதில் மூளைக்குக் குறைவில்லை. முடிவு எடுக்கிற இடத்தில் கோட்டை விட்டதுதான் குற்றம். மெத்தப் படித்தவரும் ஃபூலிஷாக ஒரு காரியம் செய்யலாம். ஃபூல் என்ற சொல் ஃபோலிஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஃபோலிஸ் என்றால் துருத்தி. கொல்லுப்பட்டறையில் ஆசாரி அமுக்க அமுக்கப் புஸ் புஸ்ஸென்று ஊதுமே, அந்தத் தோல் பை. பெரிதாகத்தான் இருக்கும், உள்ளே வெறும் காற்று. வாய் ஓயாமல் பேசி உள்ளே சரக்கில்லாதவனை லத்தீன்காரர்கள் துருத்தி என்றார்கள், அது அப்படியே ஃபூல் ஆனது. ராஜசபையில் ராஜாவையே கேலி பேச அனுமதி பெற்ற விகடகவிக்கும் ஆங்கிலத்தில் ஃபூல் என்றுதான் பெயர். ஆகவே அந்தச் சொல்லில் ஒரு மரியாதையான மூலையும் இருக்கிறது. ஏப்ரல் ஃபூல் ஆக்கப்பட்டவரும் மூளையில்லாதவர் என்று யாரும் நினைப்பதில்லை. ஏமாந்தார், அவ்வளவுதான்.

ஃபூலிஷ் என்பதற்கு நான் பார்த்த மிகக் கச்சிதமான விளக்கம் திருக்குறளில் இருக்கிறது. “பேதைமை என்பதொன்று யாதெனின் ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்.” 831-ஆவது குறள். கெடுதலைக் கையில் பிடித்துக்கொண்டு லாபத்தைக் கைநழுவ விடுவது. மூளையின் அளவைப் பற்றி வள்ளுவர் பேசவே இல்லை பாருங்கள். எதை எடுத்தாய், எதை விட்டாய் என்பதை மட்டும்தான் கேட்கிறார். வியாபாரம் தெரிந்த நம் ஊருக்கு இது சட்டென்று புரியும். அதற்கு அடுத்த அதிகாரத்தை அவர் புல்லறிவாண்மைக்கு ஒதுக்கியிருக்கிறார். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு எல்லாம் தெரியும் என்று நினைப்பது. “ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு” என்கிறார். இதற்கு நேராக ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் எனக்கு அகப்படவில்லை. இரண்டையும் பிரித்துத் தனித்தனி அதிகாரம் போட்ட மொழிக்காரர்கள் நாம். சில்லிக்கும் ஸ்டுபிடுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி நமக்குப் பிடிபடாமல் போகாது.

ஸ்டுபிட் கனமான சொல். லத்தீனில் ஸ்டுபேரே என்றால் மரத்துப்போவது, திகைத்து விறைப்பது. அதிர்ச்சியில் சுயநினைவு மங்கிக் கிடப்பதற்கு ஆங்கிலத்தில் ஸ்டூப்பர் என்கிறார்களே, அதுவும் இதே வேர். அடித்தாலும் உறைக்காத, சொன்னாலும் ஏறாத மூளை என்பதுதான் ஸ்டுபிடின் உள்ளே இருக்கும் படம். நம் மரமண்டை. ஆகவே ஒருவரின் செயலை ஸ்டுபிட் என்றாலும் அந்தச் சொல் செயலோடு நிற்பதில்லை, ஆளின் மூளை வரைக்கும் போய்த் தொடும். நம்மை நாமே சொல்லிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. நெருங்கிய நண்பர்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். முகம் பார்க்காமல் மெயிலில் மட்டும் பழகுகிறவரைச் சொல்லவே கூடாது.

இப்போது அந்தப் பெண் எழுதியதைத் திரும்பப் பாருங்கள். அந்த இளைஞர், “அசட்டுத்தனமா ஒரு தப்பு பண்ணிட்டேனுங்க” என்றார். இவர், “பரவாயில்லைங்க, மூளையில்லாத தப்பு எல்லாரும் பண்றதுதான்” என்று பதில் சொல்லியிருக்கிறார்.

நையீவ், கல்லிபிள் என்று இன்னும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. இவற்றையும் முட்டாள் என்ற ஒரே கூடையில் போட்டு நாம் நிறையப் பேருக்கு அநியாயம் செய்திருக்கிறோம். ஈமு கோழியை வைத்துச் சொல்கிறேன். பெருந்துறைப் பக்கம் தொடங்கிக் கொங்கு நாடு முழுக்கப் பரவிய ஈமு பண்ணைத் திட்டங்கள் 2012-இல் கவிழ்ந்தன. முன்பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் கொட்டகையும் கொடுப்போம், வளர்க்க மாதாமாதம் பணம் தருவோம், வளர்ந்ததும் நாங்களே எடுத்துக்கொள்வோம் என்றார்கள். எங்கள் சின்ன மாமாவும் பணம் போட்டார். போனது போனதுதான்.

ஊரில் எல்லோரும் அவரை முட்டாள் என்றார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்கவில்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசு சொல்லுவார். தரகன் துண்டுக்குள் கை போட்டு விலை பேசினால் விரலிலேயே அவனை மடக்கிவிடுவார். அவரை ஸ்டுபிட் என்று எந்த நியாயத்தில் சொல்வது? தெரியாத தொழிலில் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்தவுடன் நம்பிவிட்டார், அதனால் கல்லிபிள் என்று சொல்லலாம். கல்லிபிள் என்றால் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறவர், எளிதில் ஏமாற்றப்படக்கூடியவர். நம்பிக்கை அளவு மீறியதுதான் அங்கே குறை. இல்லை, கம்பெனி, ஒப்பந்தம், டெபாசிட் என்கிற உலகம் அவருக்குப் பழக்கமில்லை, கைகொடுத்துப் பேசினால் பேச்சு மாறமாட்டார்கள் என்ற சந்தை உலகத்தில் வளர்ந்தவர் என்று பார்த்தால் நையீவ். அனுபவம் இல்லாததால் உலகத்தை நல்லதாகவே நினைப்பவர். நையீவ் என்பது பிரெஞ்சு வழியாக வந்த சொல். பிறந்தபடியே இருக்கிற, இயல்பான என்பது அதன் அடிப்பொருள். நம் வெள்ளந்திக்கு மிக அருகில் வரும். முதல் வருஷம் பணம் கட்டியவர்களுக்கு நையீவ் பொருந்தும். பணம் வருவது நிற்க ஆரம்பித்தது தெரிந்தும் தோட்டத்தை அடமானம் வைத்து இன்னும் கட்டியிருந்தால் அது ஃபூலிஷ். மாமா அதைச் செய்யவில்லை.

ஒரே ஆள், ஒரே நஷ்டம். சொல் மாற மாற நாம் அவர் மேல் சுமத்துகிற குற்றமும் மாறுகிறது. இதனால்தான் இந்த நுணுக்கத்தைச் சின்ன விஷயம் என்று நான் விடுவதில்லை.

கொஞ்சம் விலகிப் போய் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் வாய்க்கு வாய் நைஸ் என்கிறோமே, அதுவும் ஒரு காலத்தில் முட்டாள் என்று பொருள்பட்ட சொல்தான். லத்தீனில் நெஸ்கியுஸ் என்றால் அறியாதவன். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது நைஸ் என்றால் அறிவில்லாத என்றுதான் பொருள். பிறகு நாசூக்கான, நுணுக்கமான என்று ஏறி ஏறி, 18-ஆம் நூற்றாண்டில் இனிமையான என்ற இடத்துக்கு வந்துவிட்டது. சில்லி மேலிருந்து கீழே இறங்கியது, நைஸ் கீழிருந்து மேலே போனது.

டன்ஸ் என்ற சொல்லின் கதை எனக்கு வருத்தமானது. வகுப்பில் மக்கு என்று மூலையில் நிற்கவைக்கப்படுகிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் டன்ஸ் என்று பெயர். கூம்புத் தொப்பி வேறு மாட்டிவிடுவார்கள். இந்தப் பெயருக்கு உரியவர் ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற ஸ்காட்லாந்து தத்துவஞானி. 1308-இல் இறந்தார். ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிஸிலும் பாடம் சொன்னவர், நுட்பமான ஆசான் என்று அந்தக் காலத்தில் பட்டம் பெற்றவர். இருநூறு வருஷம் கழித்துப் புதுக் கல்வி வந்தபோது அவருடைய வழியைப் பிடித்துக்கொண்டு மாற மறுத்தவர்களை டன்ஸ்காரர்கள் என்று கேலி செய்தார்கள். கேலி பேரில் ஒட்டிக்கொண்டது. நுட்பத்துக்குப் பேர்போன மனிதரின் பெயர் மக்குப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இனி இடியட், இம்பெசில், மோரான். இவற்றைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் குரலைத் தணித்துக்கொள்வேன். தமிழ் சினிமாவில் கதாநாயகி கையை நீட்டி “ஸ்டுபிட், இடியட், நான்சென்ஸ்” என்று அடுக்கிப் பார்த்துப் பழகிவிட்டதால் நமக்கு மூன்றும் ஒரே எடை. அப்படி இல்லை.

இடியட் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஊர்ப் பொதுக்காரியத்தில் கலந்துகொள்ளாமல் தன் பாட்டைப் பார்க்கிறவன், பிறகு தொழில் தெரியாத சாதாரண ஆள் என்பது அங்கே பொருள். இம்பெசில் லத்தீனில் பலவீனமானவன். இரண்டும் காலப்போக்கில் ஆங்கிலத்தில் சட்டச் சொல்லாகவும் மருத்துவச் சொல்லாகவும் ஆயின. 1910-இல் அமெரிக்காவில் ஹென்றி கோடார்ட் என்ற உளவியலாளர் கிரேக்கத்தில் மந்தம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து மோரான் என்று மூன்றாவது ஒன்றைப் புதிதாக உண்டாக்கினார். மனவயது 3-க்குக் கீழே இருந்தால் இடியட், 3 முதல் 7 வரை இம்பெசில், 8 முதல் 12 வரை மோரான். மனிதர்களை அளந்து ஒட்டிய சீட்டுகள் இவை.

அந்தச் சீட்டு என்ன செய்தது தெரியுமா? 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கேரி பக் என்ற இளம்பெண்ணின் வழக்கு வந்தது. மனவளர்ச்சி குறைந்தவர் என்று சொல்லி அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பு. “மூன்று தலைமுறை இம்பெசில்கள் போதும்” என்று நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதினார். அந்த மூன்றாவது தலைமுறை, கேரியின் சின்ன மகள். பிற்பாடு பள்ளிக்குப் போனபோது நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலில் அவள் பெயர் வந்தது. நம் நாட்டிலும் 1912-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இடியட் என்ற சொல் இருந்தது. 1987-இல் வந்த மனநலச் சட்டம்தான் அந்தப் பழைய சட்டத்தை அகற்றியது. இன்று ஆங்கிலத்தில் சட்டமும் மருத்துவமும் அறிவுசார் குறைபாடு என்று பொருள்படும் சொற்றொடரையே பயன்படுத்துகின்றன. நாம் மாற்றுத்திறனாளி என்கிறோம்.

என் பெரியம்மா மகன் ஒருவர் இருக்கிறார். என்னைவிட நாலு வயசு மூத்தவர். பேச்சு லேட்டாகத்தான் வந்தது, எழுத்து வரவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, இடியட் என்றுதான் கூப்பிடுவார். ஊரில் அதைத் தமிழாக்கி லூசு என்றார்கள். லூசு என்பதே ஆங்கிலத்தில் தளர்வான என்று பொருள்படும் சொல்தான், மறை கழண்டவன் என்பதற்காக நாமாக எடுத்து வைத்துக்கொண்டோம். வெள்ளைக்காரனிடம் ஒருவரை லூசு என்று சொன்னால் அவனுக்குப் புரியாது. அண்ணனுக்கு எண்ணத் தெரியாது. ஆனால் சாயங்காலம் முப்பது ஆட்டையும் பட்டியில் அடைக்கும்போது வாசலில் நின்று பார்த்துவிட்டு, “வெள்ளக் காதுக்காரி வரல” என்பார். போய்ப் பார்த்தால் வேலியில் கழுத்து மாட்டிக்கொண்டு அது நிற்கும். எந்தச் சார்ட்டில் இதை எந்த வயசுக்கு நேராகப் போடுவது?

ஆங்கிலேயர்கள் இன்றைக்கும் டிராஃபிக்கில் ஒருவரையொருவர் இடியட் என்று கத்திக்கொள்கிறார்கள், உண்மைதான். மருத்துவப் பொருள் தேய்ந்துவிட்டது. ஆனாலும் மோரான், இம்பெசில் இரண்டையும் என் மாணவர்கள் வாயில் எடுக்க நான் விடுவதில்லை. டம் என்ற சொல்லையும் அப்படித்தான். அது முதலில் வாய் பேச முடியாதவரைக் குறித்த சொல், ஜெர்மன் மொழியின் பாதிப்பில் அமெரிக்காவில் மூளையில்லாதவன் என்று மாறிக்கொண்டது. இரண்டு பொருளிலும் அது யாரையாவது காயப்படுத்துகிறது.

நான்சென்ஸ் என்று ஆளைத் திட்டுவது ஆங்கிலத்தில் கிடையாது. பேச்சைத்தான் நான்சென்ஸ் என்பார்கள். ஈரோட்டுப் பெரியார் “வெங்காயம்” என்றாரே, உரித்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று, அந்தப் பயன்பாட்டுக்கு நேர் இது. அப்சர்டு, ரிடிகுலஸ் இரண்டும் கூடப் பெரும்பாலும் பேச்சுக்கும் யோசனைக்கும் போடுகிற சொற்கள். அப்சர்டு லத்தீனில் சுருதி சேராதது. ரிடிகுலஸ் என்றால் சிரிப்பாய்ச் சிரிக்கும்படி இருப்பது, விலை குறைத்துக் கேட்கும் பையரைப் பற்றி நமக்குள் பேசிக்கொள்ளலாம், அவருக்கு எழுதக் கூடாது.

ஆபீஸ் மெயிலில் ஒரு யோசனை தவறு என்று சொல்ல வேண்டியிருந்தால் என்ன எழுதுவது என்று எல்லோரும் கேட்பார்கள். அன்வைஸ் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. விவேகமில்லை என்று அர்த்தம். “டெஸ்ட் ரிப்போர்ட் வராமல் ஷிப்மென்ட் அனுப்புவது அன்வைஸ்” என்று எழுதலாம். எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் அவர் மூளையைத் தொடாமல், அந்த முடிவை மட்டும் சுட்டும். ஃபூலிஷ் என்று எழுதினால் பெரியவர் சின்னவருக்குப் புத்தி சொல்கிற தொனி வந்துவிடும்.

அந்தப் பெண்ணுக்கு இவ்வளவையும் சொல்லி முடிக்க ராத்திரி எட்டு மணி ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் எழுதித் தரச் சொன்னார். அந்த இளைஞர் எந்த ஊர் என்று கேட்டேன். கோபியாம். இரண்டு பேரும் கொங்கு நாட்டுக்காரர்கள், இரண்டு நாளாக ஆங்கிலத்தில் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். போன் போட்டுப் பேசுங்க அம்மிணி என்றேன். வாசலில் நின்று பேசினார்.

“ஏனுங்க, அன்னைக்கு ஸ்டுபிட்னு எழுதிப்போட்டேனுங்க. நீங்க சில்லின்னு சொன்னதையேதான் நானும் திருப்பிச் சொல்றதா நெனச்சேன். அது அம்புட்டுப் பெரிய வார்த்தைன்னு இப்பத்தான் தெரிஞ்சுதுங்க.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இவர் முகம் மலர்ந்தது. “ஆமாங்க, தோள்பட்டை அரை இஞ்சு குறைச்சு மாத்திட்டேனுங்க. நாளைக்கு சேம்பிள் வந்துருமுங்க” என்று சொல்லிக்கொண்டே வண்டிச் சாவியைத் தேடினார்.